வராமல் இருக்கும் உரிமை

இங்க யாரும் வாராவளா தம்பி? இல்லையா? அப்ப அந்தப் பைய கொஞ்சம் மடியில எடுத்து வச்சிக்கிடுங்க. ஆங், போதும் போதும். நான் ஒல்லியான ஆளுதான், எடம் அடைக்க மாட்டேன். வாய்தான் எடம் அடைக்கும்னு வீட்டுல சொல்லுவா.

நீங்க எங்க போறிய? திருநெல்வேலியா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. என்ன வேலை பாக்கிய? கம்பெனியிலயா? உங்களுக்குக் கீழ ஆளு உண்டா? நாலு பேரா! அப்ப நீங்க இதக் கட்டாயம் கேக்கணும். ஆளுகளுக்கு எழுதிக் குடுக்கும்போது பாத்து எழுதணும் தம்பி. மனசுல நல்ல எண்ணம் எவ்வளவு வேணும்னாலும் வச்சுக்கிடலாம். அத ஸ்டாம்பு பேப்பருல மட்டும் எழுதிரப்படாது.

நான் எழுதிட்டேன்.

என் பேரு குற்றாலிங்கம். கூட்டுறவுப் பண்டகசாலையில முப்பத்தெட்டு வருஷம். மேனேஜராத்தான் வெளிய வந்தேன். வந்து ரெண்டு மாசம் வீட்டுல இருந்தேன். அடுக்களையில டப்பாக்களை எல்லாம் வரிசையா மாத்தி வச்சு, ஒவ்வொண்ணுலயும் சீட்டு ஒட்டுனேன். மூணாவது மாசம் வீட்டுக்காரி டாக்டரம்மாட்டப் போயி, இவுகளுக்கு ஏதாவது வேலை குடுங்க, சம்பளம் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டா. அப்பிடித்தான் நான் கைத்தாங்கல் அறக்கட்டளைக்குக் கௌரவச் செயலாளர் ஆனேன்.

கைத்தாங்கல்னா, அம்பையில பழைய அரிசிக் குடோன் ஒண்ண எடுத்து டாக்டரம்மா நடத்துத எடம். காலைல ஒம்பதுலேருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும். பதினெட்டுப் பிள்ளைங்க. பிள்ளைங்கன்னா இருபது வயசு, முப்பது வயசு. வயசு கூடுச்சே தவிர புத்தி கூடல. அப்பிடிச் சொன்னா அங்க உள்ள எப்சிபா டீச்சருக்குக் கோவம் வரும். "அவங்க வேகம் வேற சார்"னு சொல்லணுமாம். சரி, வேகம் வேற. பெத்தவங்க கொண்டாந்து விட்டுட்டு வேலைக்குப் போயிருவாவ. குளிப்பாட்டணும், சோறு ஊட்டணும், கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போகணும், சண்டை வந்தா விலக்கணும்.

அதுக்கு அஞ்சு பொம்பளைங்க. நெரந்தர வேலை கெடையாது. நன்கொடையில ஓடுத எடம், எப்பிடி நெரந்தரம் குடுக்க முடியும்? ஒரு நாளு பதினெட்டுப் பிள்ளை வரும், ஒரு நாளு எட்டுதான் வரும். கூப்பிட்டா வேலை, கூப்பிடலன்னா கெடையாது. காலைல நான் குடோனுக்குப் போயி தலைய எண்ணிட்டு, இத்தனை பேரு போதும்னு போன் போடுவேன். மத்தவங்க அப்பிடியே வீட்டுக்குப் போயிரலாம்.

ஆனா ஒண்ணு தம்பி. நான் மனுசத்தன்மையோடதான் செஞ்சேன். அதட்டுனதே இல்ல. "இன்னைக்கு நீ வரண்டாம்மா, வருத்தப்படாத, நாளைக்குப் பாப்போம்"னு அம்புட்டு இனிமையாச் சொல்லுவேன். வாசலுக்கே வந்துட்டாளுவன்னா உடனே திருப்பி அனுப்ப மாட்டேன். கூட ஒண்ணு ரெண்டு பிள்ளை வந்தாலும் வரும்லா? பத்து மணி வரைக்கும் நிக்க வச்சுத்தான் அனுப்புவேன். அதுவும் வெயில்ல இல்ல. கேட்டுக்கு வெளிய ஒரு வேப்பமரம் இருக்கு, அதுக்கடியில நெழலுல. ஒருத்தியையாவது வெயில்ல நிப்பாட்டுனேன்னு எவனாவது சொல்லச் சொல்லுங்க பாப்போம்.

அந்த அஞ்சு பேருல ஒருத்தி உலகம்மா. மன்னார்கோவில்காரி. நாப்பது வயசிருக்கும், பத்தாப்பு வரைக்கும் படிச்சவ. புருசன் இல்ல. நல்ல வேலைக்காரி, அதுல கொறை சொல்ல மாட்டேன். சிரிச்ச முகம். அந்தச் சிரிப்ப நான் சரியா வாசிக்கலையோன்னு இப்பத்தான் சந்தேகம் வருது.

போன ஐப்பசியில மழை புடிச்சுக்கிச்சு. மழைன்னா பிள்ளைங்க வராது. நாலு நாளு தொடர்ந்து உலகம்மா பஸ் ஏறி வந்து, மரத்தடியில நின்னு, திரும்பிப் போனா. நாலாவது நாளு என்ட்ட வந்து, "சார், நடவுக்குக் கூப்பிட்டாவ. நாலு நாளும் இங்க வேலை இருக்கும்னு அத விட்டுட்டு வந்தேன்"னா.

"ஐயையோ, முன்னாலயே சொல்லப்படாதா"ன்னேன்.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பிய சார்?"

யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. இன்னும் கொஞ்சம் இனிமையாச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். அதையே அவட்டயும் சொன்னேன். சிரிச்சா. சிரிச்சுட்டுப் போயிட்டா.

அந்தச் சமயத்துலதான் மதுரையில ஒரு கருத்தரங்கு. சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்க தற்காலிக ஆளுகள எப்பிடி நேர்மையா வச்சுக்கிடணும்னு. டாக்டரம்மா என்னைய அனுப்பி வச்சாவ. ஒரு அம்மா நல்லாத்தான் பேசுனாவ. மொத விஷயம், இந்த மாதிரி வேலையில ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். நிறுவனம் கூப்பிடணும்னு கட்டாயம் இல்லன்னா, ஊழியரு வரணும்னும் கட்டாயம் இருக்கப்படாது. வரலைங்கறதுக்காக அவங்கள ஒதுக்கி வைக்கப்படாது. அருமையான கருத்து. எழுதிக்கிட்டேன். ரெண்டாவது மூணாவது விஷயமெல்லாம் சொல்லும்போது மணி ஒண்ணு ஆயிருச்சு, இலை போடுதாவன்னு ஒருத்தர் வந்து காதுல சொன்னாரு. மொதப் பந்திக்கு எடம் புடிக்கணும்லா? எந்திரிச்சுப் போயிட்டேன். மத்த விஷயமெல்லாம் முன்கூட்டியே சொல்லுதது, திருப்பி அனுப்புனா கூலி, அந்த மாதிரி செலவு புடிச்ச சமாச்சாரம்னு பொறவு ஒருத்தர் சொன்னாரு. மொத விஷயத்துக்குச் செலவே கெடையாது. ஒரு வரி எழுதுனாப் போதும்.

ஊருக்கு வந்து உக்காந்து ஒப்பந்தம் எழுதுனேன். எனக்கு எழுத்து நல்லா வரும். நாலாவது விதிய மனப்பாடமாவே சொல்லுதேன், கேளுங்க. "ஊழியரை அழைக்க நிறுவனம் கடமைப்பட்டதல்ல. அழைத்தால் வர ஊழியரும் கடமைப்பட்டவரல்ல. வராததற்குக் காரணம் கேட்கப்படமாட்டாது." எப்பிடி? பண்டகசாலையில ஒரு பய இப்பிடி எழுத மாட்டான்.

ஒரு சனிக்கிழமை அஞ்சு பேரையும் உக்கார வச்சு, வடையும் டீயும் குடுத்து, சத்தமா வாசிச்சேன். எப்சிபா டீச்சரு சாட்சி. வாசிச்சு முடிச்சதும் உலகம்மா எந்திரிச்சா.

"சார், நெசமாவே காரணம் கேக்க மாட்டியளா?"

"கேக்க மாட்டேன்."

"கோவப்பட மாட்டியளா?"

"எதுக்குக் கோவப்படணும்? இது உங்க உரிமை."

"அடுத்த தடவை கூப்பிடாம விட்டுர மாட்டியளே?"

"சே சே!"

"அப்ப அதையும் எழுதிருங்க சார்."

எழுதுனேன் தம்பி! பேனாவ எடுத்து அடியில என் கையாலயே எழுதுனேன். "வர மறுத்த காரணத்தால் எவரும் அழைப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்படமாட்டார்." எழுதும்போது எனக்கே என்னைய நெனச்சுப் பெருமையா இருந்துச்சு. வர மாட்டேன்னு எவ சொல்லப் போறா? அன்னாடம் வேலைக்குப் போனாத்தான் சோறுங்கற பொம்பளைங்க. எப்பக் கூப்பிட்டாலும் ஓடி வரத்தான் செய்வாளுவ. உரிமைய குடுத்தா குடுத்த நமக்குப் பேரு, செலவும் கெடையாது. அப்பிடித்தான் நெனச்சேன்.

ரெண்டு நாளு கழிச்சுத் திங்கக்கெழமை. பதினாறு பிள்ளைங்க வந்துட்டு. உலகம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்தா. எடுத்து என்ன சொன்னாங்கிய?

"இன்னைக்கு நான் வரண்டாம்னு இருக்கேன் சார். வருத்தப்படாதிய. நாளைக்குப் பாப்போம்."

அம்புட்டு இனிமையா! அந்தக் குரலு எனக்குப் பழகுன குரலு மாதிரியே இருந்துச்சு. யாரு குரலுன்னு புடிபடல. போன வச்ச பொறவு, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்த எப்சிபா டீச்சரு வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாவ.

ஏன் வரலைன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துட்டு. கேக்கப்படாதே! நானே எழுதிருக்கேனே!

சரி, ஒரு நாளுதானேன்னு விட்டேன். அடுத்த நாளு உலகம்மா வந்தா. செண்பகம் வரல. அதுக்கடுத்த நாளு செண்பகம் வந்தா, மேரிதங்கம் வரல, இன்னொருத்தியும் வரல. அதுவும் எப்ப சொல்லுவாளுவங்கிய? நான் எந்த நேரத்துல அவளுவட்டச் சொல்லுவேனோ, கரெக்டா அதே நேரத்துல. எட்டே முக்கால். ஒருத்தி போன் போட்டு, "சார், பஸ் ஸ்டாப்புல நிக்கேன். ஆனா இன்னைக்கு எனக்கு நீங்க தேவைப்பட மாட்டிய போல"ங்கா. இன்னொருத்தி வாசல் வரைக்கும் வந்து, மரத்தடியில பத்து மணி வரைக்கும் நின்னு, யோசிச்சுப் பாத்துட்டு, "இன்னைக்கு வேண்டாம் சார்"னு போறா! நான் கேட்டுல நின்னு அவ யோசிக்கத பாத்துக்கிட்டே இருக்கேன். வருவாளா மாட்டாளான்னு கேட்டத் தொறந்து தொறந்து மூடுதேன். ஒரு மனுசன இப்பிடி ஒரு மணி நேரம் தொங்கல்ல விடலாமா தம்பி? இரக்கம் இருக்கவ செய்வாளா?

ஒரு விஷயம் சொல்லணும். அவளுவளுக்குள்ள ஒத்துமை கெடையாது. ஒரு நாளு கூட அஞ்சு பேரும் சேந்து நின்னதில்ல. எவளாவது ரெண்டு பேரு வந்துருவாளுவ. பிள்ளைங்க கூடுன நாளுன்னா மூணு பேரு. வலிப்பு வாற பிள்ளை ஒண்ணு இருக்கு, அது வந்த நாளெல்லாம் உலகம்மா கட்டாயம் வந்துருவா. நான் எப்சிபா டீச்சர்ட்டச் சொல்லிச் சிரிச்சேன், பாத்தியளா, ஒரு போராட்டம் கூட ஒழுங்கா நடத்தத் தெரியலையேன்னு. டீச்சரு என்னைய ஒரு மாதிரி பாத்தாவ. "ஆமா சார், ஒரு பிள்ளைக்குக் கூட ஒரு கொறையும் வரலையே"ன்னாவ. அதத்தானே நானும் சொல்லுதேன்!

கொறையெல்லாம் எனக்குத்தான் வந்துச்சு. மூணு பேரு செய்யுத வேலைய ரெண்டு பேரு செஞ்சா மிச்சம் யாரு தலையில விழும்? கௌரவச் செயலாளர் தலையில. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கிட்டேன். தலை சீவி விட்டேன். சட்டை மாத்தி விட்டேன். கக்கூசு வரைக்கும் போனேன், அத விடுங்க.

ஜெயசுதான்னு ஒரு பிள்ளை. இருபத்தாறு வயசு. கழுத்துல மணிமாலை போட்டுக்கிட்டு ராணி மாதிரி உக்காந்திருப்பா. அவ சோறு திங்க மாட்டா. உலகம்மா ஊட்டுனாத்தான் வாயத் திறப்பா. நான் தட்டோட போயி உக்காந்தேன். பருப்புச் சோறு. "ஆ காட்டு"ன்னேன். வாய இறுக்கி மூடிக்கிட்டா. பேப்பர் வாசிச்சுக் காட்டுனேன். பண்டகசாலை விதிமுறையெல்லாம் சொன்னேன். கண்ண மூடிட்டா தம்பி, தூங்கிட்டா.

அடுத்த நாளு உலகம்மா ஊட்டும்போது மறைஞ்சு நின்னு பாத்தேன். அவ குனிஞ்சு ஜெயசுதா காதுல, "உனக்குச் சங்கதி தெரியுமா? போஸ்ட்மேன் வீட்டுக் கோழி நம்ம தாசில்தார் தலையில முட்டை போட்டுட்டாம்லா!"ங்கா. ஜெயசுதா "ஆ!"ன்னு வாயைப் பொளக்கா. உருண்டை உள்ள போயிருது. ஆச்சரியப்பட்டா வாய் திறக்கும். அவ்வளவுதான் சூத்திரம்.

எனக்குக் கோழிக் கதையெல்லாம் வராது. நடந்தததான் சொல்ல வரும். அதனால என் கதையையே சொன்னேன். "உனக்குச் சங்கதி தெரியுமா? தொண்ணூத்திரெண்டுல ஆடிட்டர் வந்தப்ப நான் பயந்து சீனி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சேன். குடோன வெளிய பூட்டிட்டுப் போயிட்டானுவ. மதியம் வரைக்கும் உள்ளயே கெடந்தேன்." ஆ! உருண்டை போயிட்டு. "எங்க மச்சினன் கல்யாணத்துல அவனோட பல்செட்டு பாயாசத்துக்குள்ள விழுந்துட்டு. அத எடுத்துக் குடுத்தது நாந்தான்." ஆ! இப்பிடி ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு மானக்கேடு. முப்பத்தெட்டு வருஷ ரகசியம் மூணு வாரத்துல தீந்துபோச்சு. வீட்டுக்காரிட்டக் கூடச் சொல்லாததெல்லாம் ஜெயசுதாவுக்குத் தெரியும். அவ என் கன்னத்தத் தட்டிக் குடுப்பா. சில நேரம் அவ வாயில கெடக்க சோறு என் சட்டையில விழும். பரவால்ல.

வீரவநல்லூர் வந்துட்டா? நல்ல வேளை, இன்னும் நேரமிருக்கு. முக்கியமான கட்டம் இனிமேதான்.

தை மாசம் சென்னையிலேருந்து ஒரு நிதிக்குழு பாக்க வாராவன்னு கடிதாசி வந்துச்சு. அவுக சரின்னு சொல்லிட்டா மூணு வருஷத்துக்குக் கவலையில்ல. மாட்டோம்னுட்டா குடோனுக்கு வாடகை குடுக்கவே வழி கெடையாது, பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். டாக்டரம்மா என்னையக் கூப்பிட்டு, "எல்லாம் ஒழுங்கா இருக்குல்லா குற்றாலிங்கம்?"னு கேட்டாவ. ஒழுங்கா இருக்குன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

முந்தின நாளே அஞ்சு பேருக்கும் போன் போட்டேன். கெஞ்சுனேன்னே வச்சுக்கிடுங்க. "நாளைக்கு ஒரே ஒரு நாளு அஞ்சு பேரும் வந்துருங்கம்மா, யூனிபாரம் பச்சைச் சேலை கட்டிட்டு." ஒவ்வொருத்தியும் ஒரே பதில். "பாக்கேன் சார். காலைல சொல்லுதேன்."

காலைல வந்து பாத்தா, செண்பகமும் மேரிதங்கமும் உள்ள நின்னு பிள்ளைங்களுக்குத் தலை சீவுதாளுவ. உலகம்மாவும் மத்த ரெண்டு பேரும் பச்சைச் சேலை கட்டிக்கிட்டு வேப்பமரத்தடியில நிக்காளுவ. நெழலுல.

ஓடுனேன். "உள்ள வாம்மா!"

"யோசிச்சிட்டு இருக்கோம் சார்."

"என்னத்த யோசிக்கிய? அவுக இப்ப வந்துருவாவ!"

"உள்ள பதினாலு பிள்ளைங்கதான சார் இருக்கு? டீச்சரும் ரெண்டு பேரும் போதும். நீங்களும் இருக்கியள்லா? நீங்க இப்ப நல்லா ஊட்டுதியன்னு ஜெயசுதா சொன்னா."

"உலகம்மா, நான் கட்டாயமாச் சொல்லுதேன், உள்ள வா."

அவ இடுப்புலேருந்து பர்ஸ எடுத்தா. அதுக்குள்ள பிளாஸ்டிக் கவருல மடிச்சு வச்ச காயிதம். என் ஒப்பந்தம்! "கட்டாயம்னு இதுல எங்க சார் எழுதியிருக்கு?"ன்னு கேட்டு என்ட்டயே நீட்டுதா. எங்கயும் எழுதலையே! என் எழுத்துல எனக்கே ஒரு ஓட்டை கூடக் கெடைக்கல. அம்புட்டு சுத்தமா எழுதியிருக்கேன்.

அப்பத்தான் கார் வந்து நின்னுச்சு. தாட்சாயணி மேடம்னு தலைவி, கூட ரெண்டு பேரு. நான் வரவேற்கதுக்கு முன்னாலயே ஜெயசுதா ராணி மாதிரி நடந்து கேட்டுக்கு வந்தா. வந்து ரெண்டு கையையும் கூப்பி, ரொம்ப இனிமையா, "இன்னைக்கு நீங்க வரண்டாம். வருத்தப்படாதிய. நாளைக்குப் பாப்போம்"னா.

என் குரலு தம்பி! அச்சு அசல் என் குரலு. தெனமும் காலைல பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. மரத்தடியில மூணு பேரும் சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டாளுவ. மேடம் என்னையப் பாத்தாவ. நான் ஜெயசுதாவப் பாத்தேன். அன்னைக்குத்தான் நான் பேசுதது வெளிய நிக்கவங்களுக்கு எப்பிடிக் கேக்கும்னு கேட்டேன். அவ கொஞ்சம் ராகத்தக் கூட்டிச் சொல்லிட்டான்னு வச்சுக்கிடுங்க.

உள்ள கூட்டிட்டுப் போனேன். எல்லாத்தயும் காட்டுனேன். ஜெயசுதாவுக்குச் சோறு ஊட்டுத நேரம் ஆயிட்டு. விட முடியாதே, பசிச்சா அழுவா. தட்ட எடுத்துக்கிட்டு உக்காந்தேன். ரகசியமெல்லாம் தீந்துபோச்சுல்லா, அதனால அன்னைக்கு நடந்ததையே சொன்னேன். "உனக்குச் சங்கதி தெரியுமா? செக்ரட்டரி ஒரு விதி எழுதுனாராம். அதுலயே அவரு விழுந்துட்டாராம்." ஆ! போயிட்டு. நிமிந்து பாத்தா மேடம் பின்னால நிக்காவ.

"என்ன விதி சார்?"

மறைக்க முடியல. ஒப்பந்தத்த எடுத்துக் குடுத்தேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை வாசிச்சாவ.

"இத யாரு எழுதினது?"

"நாந்தான்."

"நாங்க நிறைய இடத்துக்குப் போறோம் சார். இந்த வரி எல்லார்கிட்டயும் பேப்பர்ல இருக்கும். ஆனா வர மாட்டேன்னு சொல்ற தைரியம் ஒரு இடத்துலயும் யாருக்கும் இருக்காது. சொன்னா அடுத்த நாள் வேலை போயிடும்னு பயம். இங்கதான் முதல் தடவையா நிஜமாவே வராம இருக்காங்க. அதுவும் வாசல்லயே நின்னுகிட்டு!" சொல்லிட்டு, "அவங்கள நான் பார்க்கலாமா?"ன்னாவ.

வேண்டாம்னா சொல்ல முடியும்? போயி மரத்தடியில ஒரு கல்லுல உக்காந்துட்டாவ. ஒரு மணி நேரம்! என்ன பேசுனாவன்னு எனக்குக் கேக்கல. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஒரு தடவை உலகம்மா கண்ணத் தொடைச்சா. அது என்னத்துக்குன்னு தெரியல. நடவுப் பேச்சா இருக்கும்.

திரும்பி வந்து டாக்டரம்மாவோட பேசுனாவ. பணம் தருவோம், ஆனா மூணு காரியம் செய்யணும். ஒரு மாசத்துக்கு யாருக்கு எந்த நாளுன்னு முன்னாலயே பட்டியல் போடணும். மாத்தணும்னா மொத நாளு சாயங்காலமே சொல்லணும். வரச் சொல்லிட்டுத் திருப்பி அனுப்புனா அன்னைக்குக் கூலி குடுக்கணும். அதுக்கான செலவயும் சேத்தே நாங்க தாறோம்னாவ. நாலாவது விதி அப்பிடியே இருக்கட்டும்னாவ. மதுரையில நான் சாப்பாட்டுக்கு எந்திரிச்ச பொறவு சொன்ன விஷயமெல்லாம் இதுதான் போல.

டாக்டரம்மா என்னையப் பாத்து, "நாலு நாளு மழையில திருப்பி அனுப்புனத ஏன் என்ட்டச் சொல்லல?"ன்னாவ. கொரலு ஏறல. அதுதான் எனக்குச் சங்கடமாப் போச்சு.

"நான் இனிமையாத்தாம்மா சொல்லி அனுப்புனேன்"னேன்.

"தெரியும். ஜெயசுதா சொல்லிக் காட்டுனாளே"ன்னாவ.

மேடத்தோட அறிக்கை பொறவு தபால்ல வந்துச்சு. "செயலாளரின் துணிச்சலான ஏற்பாடு"ன்னு ஒரு வரி போட்டிருக்காவ. துணிச்சல்! பத்துக் காப்பி எடுத்து வச்சிருக்கேன். எப்சிபா டீச்சருக்கு ஒண்ணு குடுத்தேன். அவுக வாசிச்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சாவ. சந்தோசத்துலதான்.

பட்டியல் போடுத பொறுப்ப டாக்டரம்மா உலகம்மாட்டக் குடுத்துட்டாவ. எனக்கு அதுல மனத்தாங்கல்தான், மறைக்க மாட்டேன். முப்பத்தெட்டு வருஷம் ஸ்டாக் பட்டியல் போட்டவன் இருக்கும்போது பத்தாப்புக்காரிட்டப் போயி! ஆனா சும்மா சொல்லப்படாது, நல்லாத்தான் போடுதா. பெரிய அட்டையில கட்டம் போட்டு, யாரு வீட்டுல எப்ப விசேசம், யாருக்கு எப்ப வயல் வேலை, எல்லாம் கேட்டுக்கிட்டு எழுதுதா. அறுப்பு மாசத்துல ரெண்டு பேருக்கு நாள கொறைச்சுக் குடுத்துட்டா, அவளுவளும் சந்தோசமாப் போயிட்டு வந்தாளுவ. மூணு மாசமா ஒருத்தியும் வராம இருக்கல.

மொத பட்டியல் போட்ட அன்னைக்குத்தான் அது நடந்துச்சு. அஞ்சு பேருட்டயும் கேட்டு முடிச்சுட்டு, அட்டையத் தூக்கிக்கிட்டு என் மேசைக்கு வந்தா. நான் ஏதோ கையெழுத்துக்கு வாரான்னு பேனாவத் தொறந்தேன். அவ பென்சில வச்சுக்கிட்டு நிக்கா.

"சார், ஜெயசுதாவுக்கு நீங்க ஊட்டுனாத்தான் இப்பப் புடிக்கி. உங்களுக்கு எந்த நாளு தோதுப்படும்?"

எனக்குப் புரியல. "எனக்கா?"ன்னேன்.

"ஆமா சார். உங்களுக்கு எந்த நாளு வசதின்னு சொன்னா அப்பிடி எழுதிக்கிடுதேன். முடியாதுன்னா விட்டுருங்க."

என்ன கேள்வி தம்பி இது? என்னையத் தென்காசிக்கு மாத்துனான், எனக்குத் தோதான்னு எவனும் கேக்கல. கோவில்பட்டிக்கு மாத்துனான், அப்ப வீட்டுக்காரி நெறமாச கர்ப்பிணி, கேக்கல. என் கல்யாணத்துக்கு மறுநாளு ஸ்டாக் எடுக்க வாடான்னு ஆளு அனுப்புனான், மாலை வாடுததுக்கு முன்னால போனேன். வேலையில சேந்த நாள்லேருந்து எனக்கு எந்த நாளு வசதின்னு ஒரு பிராணி கேட்டதில்ல. கேட்டாத்தான பதில் வச்சிருக்க முடியும்? பேனாவ மூடுதேன், தொறக்கேன், மூடுதேன். அவ அவசரப்படுத்தல. பென்சில வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தா.

வியாழக்கெழமைன்னேன். ஏன் வியாழக்கெழமைன்னு எனக்கே தெரியல. வாயில வந்துச்சு. "சரி சார்"னு எழுதிக்கிட்டுப் போயிட்டா.

நான் எந்திரிச்சு வெளிய வந்தேன். செருப்ப மாட்டப் போறேன், கால் நொழைய மாட்டேங்குது. தொண்டையில என்னமோ வந்து அடைக்கி, கண்ணுலேருந்து பொலபொலன்னு தண்ணி. வேப்பமரத்தடியில போயி கொஞ்ச நேரம் நின்னேன். எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, இது சுகர்தான். இந்த வயசுல வேற என்ன வரப் போகுது? அன்னைலேருந்து அவ அந்த அட்டையத் தூக்கிக்கிட்டு வரும்போதெல்லாம் வருது.

அதாம் இன்னைக்கு ரத்தம் குடுத்துப் பாத்துரலாம்னு கெளம்பிட்டேன். வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காவ. சுகர் கூடத்தான் இருக்கும். பாருங்க, உங்கட்டச் சொல்லும்போதே மறுபடியும் அடைக்கி.